ரத்தத்தில் இதய அடைப்பு தெரியுமா? மரபணு வெளிப்பாட்டுப் பரிசோதனை பற்றி எங்கள் பக்கத்தில் கேட்ட கேள்விகள்

கும்பகோணத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தாறு ஆண்டுகளாக ஊசி குத்திக்கொண்டிருக்கிறேன். காலை ஆறரை மணிக்கே வெறும் வயிற்றோடு வரிசை கட்டிவிடுவார்கள். ரத்தம் கொடுத்துவிட்டு, பஞ்சை முழங்கை மடிப்பில் அழுத்திக்கொண்டு நிற்கும் அந்த இரண்டு நிமிடத்தில்தான் மனத்தில் இருக்கும் கேள்வி வெளியே வரும்.

சில மாதங்களுக்கு முன் பாபநாசம் பக்கத்திலிருந்து வந்த விவசாயி ஒருவர், மஞ்சள் பைக்குள்ளிருந்து வழவழப்பான தாளில் அச்சடித்த அறிக்கை ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். வெளியூரில் வேலை பார்க்கும் மகன் பணம் கட்டி, அப்பாவின் எச்சிலை அனுப்பிச் செய்ய வைத்த மரபணுப் பரிசோதனை. பதினெட்டுப் பக்கம். பத்தாம் பக்கத்தில் ஓர் இதயப் படம், அதற்குக் கீழே பச்சை எழுத்தில் "நன்று". "இனி நெஞ்சைப் பற்றிப் பயமில்லைதானே அம்மா?" என்று கேட்டார். அன்று அவருடைய வெறும் வயிற்றுச் சர்க்கரை 236.

அவருக்கு அன்று அவசரத்தில் சொன்னதையும், அதற்குப் பிறகு மற்றவர்கள் கேட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. ரத்தத்தைக் குழாயில் பிடித்து எண்ணாக மாற்றுபவள். அந்த எண் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பது மட்டும்தான் என் தொழில்.

மரபணு பிறவியிலேயே வந்துவிடுகிறது. பிறகு "வெளிப்பாடு" என்று தனியாக என்ன இருக்கிறது?

டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. நீர்வளத் துறை அலுவலகத்தில் பாசன வரைபடம் ஒன்று தொங்கும். காவிரி, வெண்ணாறு, அரசலாறு, குடமுருட்டி, அவற்றிலிருந்து பிரியும் வாய்க்கால்கள், ஒவ்வொரு வாய்க்காலிலும் மதகுகள். அந்த வரைபடம் ஆண்டு முழுவதும் மாறாது. ஆனால் இன்று எந்த மதகு திறந்திருக்கிறது, எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பதை வரைபடத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. கரையில் போய் நின்று பார்க்க வேண்டும்.

டி.என்.ஏ. அந்த வரைபடம். உடலில் ஏறக்குறைய எல்லா உயிரணுவிலும் ஒரே படம்தான், சுமார் 20,000 மரபணுக்கள். கல்லீரல் அணு ஒரு தொகுதி மதகுகளைத் திறந்து வைத்திருக்கிறது, ரத்தத்தின் வெள்ளை அணு வேறொரு தொகுதியைத் திறந்து வைத்திருக்கிறது. ஒரு மரபணு திறந்திருக்கும்போது அதிலிருந்து தூது ஆர்.என்.ஏ. என்ற படி எடுக்கப்படும். எத்தனை படிகள் இருக்கின்றன என்று எண்ணினால் அந்த மதகு எவ்வளவு திறந்திருக்கிறது என்று தெரியும். இதைத்தான் மரபணு வெளிப்பாடு என்கிறார்கள்.

பாபநாசத்துக்காரர் கொண்டுவந்தது வரைபடத்தைப் படித்த அறிக்கை. எச்சிலில் எடுத்த டி.என்.ஏ. அவருக்கு இருபது வயதில் எடுத்திருந்தாலும் அதே முடிவுதான் வந்திருக்கும். சர்க்கரை ஏறியதும், நாற்பது வருடம் புகையிலை போட்டதும் அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றியிருக்காது. வெளிப்பாட்டுப் பரிசோதனை பார்ப்பது இன்றைய நீரோட்டத்தை. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பித்தான் பல விளம்பரங்கள் பிழைக்கின்றன.

அடைப்பு இருப்பது இதயத்தில். நீங்கள் ரத்தம் எடுப்பதோ முழங்கையில். அங்கே இருப்பது இங்கே எப்படித் தெரியும்?

நல்ல கேள்வி. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியின் சுவரில் கொழுப்பு படிவதை, குழாயில் பாசி அடைப்பதைப் போல நினைத்துக்கொள்கிறோம். அது பாதி உண்மை. மீதிப் பாதி, அது ஓர் அழற்சி நோய். சுவருக்குள் புகுந்த கொழுப்பை அப்புறப்படுத்த ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்கள் உள்ளே போகின்றன, கொழுப்பை விழுங்கி அங்கேயே தங்கிவிடுகின்றன, இன்னும் ஆட்களைக் கூப்பிடுகின்றன. அந்தக் கூப்பாடு ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் மற்ற வெள்ளை அணுக்களுக்கும் எட்டுகிறது. அவற்றின் மதகுகள் சிறிது ஏறி இறங்குகின்றன. எஸ்100ஏ8, எஸ்100ஏ12 போன்ற சில மரபணுக்கள் நியூட்ரோஃபில் வகை வெள்ளை அணுக்களில் கூடுதலாக ஓடுகின்றன. லிம்போசைட் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுக்களுக்கு உரிய சில மரபணுக்கள் குறைகின்றன.

எனவே அடைப்பை நேரடியாக யாரும் பார்ப்பதில்லை. திருவிழா நடக்கும் தெருவுக்கு நாலு தெரு தள்ளி நின்று மேளச் சத்தத்தை வைத்து ஊர்வலம் எங்கே வந்திருக்கிறது என்று கணிப்பது போலத்தான். கணிக்க முடியும். ஆனால் அதே நேரத்தில் பக்கத்துத் தெருவில் கல்யாண ஊர்வலமும் போனால் திண்டாட்டம்.

இதை எந்த இயந்திரத்தில் அளக்கிறார்கள்?

பெயர் உங்களுக்குத் தெரியும். கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அதே ஆர்.டி.-பி.சி.ஆர். அங்கே தேடியது வைரஸின் ஆர்.என்.ஏ. இங்கே எண்ணுவது நம் சொந்த வெள்ளை அணுக்களின் ஆர்.என்.ஏ.

இயந்திரத்தைவிட ரத்தக் குழாய்தான் பெரிய பாடு. சாதாரண ரத்த எண்ணிக்கைக்கு நாங்கள் பயன்படுத்தும் ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமல் இருக்கும், அவ்வளவுதான். உள்ளே அணுக்கள் உயிரோடு இருக்கின்றன, உடம்பைவிட்டு வெளியே வந்த அதிர்ச்சியில் தம் மதகுகளைத் தாறுமாறாகத் திறந்து மூடுகின்றன. ஆர்.என்.ஏ.வும் நிமிடத்துக்கு நிமிடம் சிதைகிறது. அதைச் சிதைக்கும் நொதி நம் விரல் நுனியிலும் இருக்கிறது, வியர்வையிலும் இருக்கிறது. அதனால் ரத்தம் விழுந்த கணமே அணுக்களை உடைத்து ஆர்.என்.ஏ.வை அப்படியே உறைய வைக்கும் ரசாயனம் உள்ள தனிக் குழாய் வேண்டும்.

சித்திரை மாத மதியத்தில், தெர்மோகோல் பெட்டிக்குள் ஐஸ் பொதிகளோடு, திருச்சி பஸ்ஸின் ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் எங்கள் மாதிரிகள் ஏறிப் போன காலம் உண்டு. போய்ச் சேரும்போது ஐஸ் வெந்நீராகியிருக்கும். பொட்டாசியம் அளவே அதில் தப்பாகிவிடும். ஆர்.என்.ஏ. எம்மாத்திரம்?

இப்படி ஒரு பரிசோதனை உண்மையிலேயே விற்பனையில் இருந்ததா, அல்லது ஆராய்ச்சியோடு சரியா?

இருந்தது. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் கார்டியோடிஎக்ஸ் என்ற நிறுவனம் கோரஸ் சி.ஏ.டி. என்ற பெயரில் விற்றது. 23 மரபணுக்களின் வெளிப்பாட்டை எண்ணி, அதோடு வயதையும், ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்து, 1 முதல் 40 வரை ஒரு மதிப்பெண் தரும். 15 அல்லது அதற்குக் கீழே வந்தால், இதயத் தமனியில் ரத்த ஓட்டத்தைத் தடுக்கும் அளவுக்கு அடைப்பு இருக்கும் வாய்ப்பு குறைவு என்று பொருள்.

காற்றில் கட்டிய கோட்டையும் அல்ல. பிரெடிக்ட் என்ற ஆய்வு 2010இல் வெளிவந்தது. ஆஞ்சியோகிராம் செய்யவிருந்தவர்களின் ரத்தத்தை முன்கூட்டியே எடுத்து, சர்க்கரை நோய் இல்லாத 526 பேரிடம் மதிப்பெண்ணையும் ஆஞ்சியோகிராம் முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பிறகு காம்பஸ் என்ற ஆய்வு, 2013இல். அதில் 431 பேர். அடைப்பு என்று அவர்கள் கணக்கிட்டது தமனி 50 சதவீதமோ அதற்கு மேலோ சுருங்கியிருப்பதை.

அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் 2012 முதல் இதற்குப் பணம் கொடுத்தது. 2018இன் இறுதியில் நிறுத்திக்கொண்டது. 2019இன் தொடக்கத்தில் நிறுவனமே கடையை மூடிவிட்டது.

காம்பஸ் ஆய்வில் "இல்லை என்று சொன்னால் 96 சதவீதம் சரி" என்று படித்தேன். அவ்வளவு நல்ல பரிசோதனையை ஏன் கைவிட்டார்கள்?

இங்கேதான் கொஞ்சம் உட்கார வேண்டும். ஒரு துண்டுத் தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

காம்பஸில் 431 பேரில் 63 பேருக்குத்தான் அடைப்பு இருந்தது. அதாவது நூற்றுக்குப் பதினைந்து. நூறு பேரை நிறுத்திக்கொள்வோம்: 15 பேர் நோயாளிகள், 85 பேர் நல்லவர்கள். இந்தப் பரிசோதனை நோயாளிகளில் 89 சதவீதம் பேரைப் பிடித்தது. எனவே 15இல் 13 பேர் பிடிபடுவார்கள், 2 பேர் நழுவுவார்கள். நல்லவர்களில் 52 சதவீதம் பேரைத்தான் "குறைவு" என்று சரியாகச் சொன்னது. எனவே 85இல் 44 பேருக்குக் "குறைவு", 41 பேருக்குத் தவறாக "அதிகம்".

இப்போது "குறைவு" என்று தாள் வாங்கியவர்கள் 44 கூட்டல் 2, ஆக 46 பேர். அதில் 44 பேருக்கு உண்மையிலேயே நோயில்லை. 96 சதவீதம் சரி. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வந்தது இதுதான்.

மறுபக்கத்தைப் பாருங்கள். "அதிகம்" என்று தாள் வாங்கியவர்கள் 54 பேர். அதில் உண்மையான நோயாளிகள் 13. நாலில் ஒருவர். மீதி மூன்று பேர் தூக்கமில்லாமல் ஆஞ்சியோகிராமுக்கு அலைந்திருப்பார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பரிசோதனையே செய்யாமல், வருகிற எல்லோரிடமும் "உங்களுக்கு ஒன்றுமில்லை, போங்கள்" என்று நான் வாசலில் நின்று சொல்லியிருந்தாலும் நூற்றுக்கு 85 தடவை என் வாக்கு பலித்திருக்கும். 85ஐ 96 ஆக்கியதுதான் அந்த 23 மரபணுக்கள் செய்த வேலை. அது ஒன்றுமில்லாத வேலை அல்ல. ஆனால் 96 என்ற எண் தனியாக நின்று காட்டும் பிரம்மாண்டம் அதில் இல்லை.

நோய் மலிந்த கூட்டத்தில் இதே பரிசோதனையைச் செய்தால்? நூறு பேரில் பாதிப் பேருக்கு அடைப்பு என்று வைத்துக்கொள்வோம். நோயாளிகளில் ஐந்தாறு பேர் நழுவுவார்கள். நல்லவர்களில் 26 பேர்தான் "குறைவு" பெறுவார்கள். "குறைவு" தாள் வைத்திருப்பவர்களில் ஐந்தாறில் ஒருவருக்கு அடைப்பு இருக்கும். பரிசோதனை அதேதான், கூட்டம் மாறியதும் 96 எங்கோ போய்விட்டது. எந்தப் பரிசோதனை அறிக்கையைப் பார்த்தாலும் "யாரிடம் செய்து பார்த்தார்கள்?" என்று நான் முதலில் கேட்பது இதனால்தான்.

எனக்குச் சர்க்கரை இருக்கிறது. நான் இதைச் செய்துகொள்ளலாமா?

அந்தப் பரிசோதனை விற்பனையில் இருந்தபோதும் உங்களுக்குச் செய்திருக்க மாட்டார்கள். சர்க்கரை நோயாளிகளை அதிலிருந்து அடியோடு விலக்கியிருந்தார்கள். காரணம் அறிவியல்தான். தொடக்க ஆய்வுகளிலேயே, சர்க்கரை உள்ளவர்களின் ரத்தத்தில் அடைப்போடு சேர்ந்து ஏறி இறங்கிய மரபணுக்களும் சர்க்கரை இல்லாதவர்களின் ரத்தத்தில் ஏறி இறங்கிய மரபணுக்களும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. சர்க்கரையே வெள்ளை அணுக்களின் மதகுகளைத் திருகிவிடுகிறது.

ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள், பைபாஸ் ஆனவர்கள், முடக்குவாதம் போன்ற அழற்சி நோய் உள்ளவர்கள், ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள், கீமோதெரபி எடுப்பவர்கள் ஆகியோருக்கும் அது பொருந்தாது. ஆய்வுகளில் கலந்துகொண்டவர்களில் பெரும்பாலோர் வெள்ளை இனத்து அமெரிக்கர்கள்.

இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு என் காலை வரிசையைப் பார்க்கிறேன். 2023இல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) ஆய்வின்படி இந்தியாவில் வயது வந்தவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை. தமிழகம் அந்தச் சராசரிக்கு மேலே. இதயத்தைப் பற்றிக் கேட்டு என்னிடம் வருகிறவர்களை மட்டும் எடுத்தால் பாதிக்குமேல் சர்க்கரைக்காரர்கள். யாருக்கு நெஞ்சைப் பற்றிய பயம் அதிகமோ அவர்களையே வாசலில் நிறுத்திவிட்ட பரிசோதனை இது.

காய்ச்சல் வந்து போன வாரம் இதைச் செய்தால்?

முன்பு சொன்ன கல்யாண ஊர்வலம் இதுதான். வெள்ளை அணுக்கள் இதயத்துக்காக மட்டும் கூப்பாடு போடுவதில்லை. ஐப்பசி கார்த்திகையில் எலிக்காய்ச்சல், டெங்கு, காலில் சேற்றுப்புண், ஈறு வீக்கம், எதற்கும் வெள்ளை அணுக்களின் மரபணுக்கள் ஏறி இறங்கும்.

நேரமும் ஒரு கணக்கு. இதற்குக் கும்பகோணத்தாரைவிட நல்ல சாட்சி கிடையாது. யானைக்கால் நோய்க்குப் பேர்போன ஊர் எங்களுடையது. அந்தக் காலத்தில் சுகாதாரத் துறையினர் ராத்திரி பத்து மணிக்கு மேல் வீடு வீடாக வந்து, தூங்குகிறவர்களை எழுப்பி, விரலில் குத்தி ரத்தம் எடுத்ததைப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். பகலில் எடுத்தால் என்ன என்று சண்டை போட்டவர்களும் உண்டு. அந்தப் புழுவின் குஞ்சுகள் இரவில்தான் விரல் நுனி ரத்தத்துக்கு வரும், பகலில் நுரையீரல் பக்கம் ஒதுங்கிவிடும். அதே ஆள், அதே ரத்தம், பகலில் "இல்லை", இரவில் "உண்டு".

வெள்ளை அணுக்களுக்கும் நாள் ஒழுங்கு உண்டு. அவற்றின் பல மரபணுக்கள் காலைக்கும் மாலைக்கும் ஏறி இறங்குகின்றன.

மாதம் ஒரு தடவையாவது "மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் புதிய மரபணு" என்று செய்தி வருகிறதே?

20,000 மரபணுக்களை ஒரே நேரத்தில் அளந்து, நோயாளிகள் நூறு பேர், நல்லவர்கள் நூறு பேர் என்று ஒப்பிடுகிறார்கள். தற்செயலாக வித்தியாசம் தோன்றும் வாய்ப்பு ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு ஐந்து என்று வைத்தால், இதயத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாமலே ஆயிரம் மரபணுக்கள் "வித்தியாசம்" காட்டும். சோழி உருட்டுவதைப் போல. நேர்மையான ஆய்வாளர்கள் இதற்குக் கணக்கில் திருத்தம் போடுவார்கள், பிறகு வேறு ஊரில், வேறு ஆட்களிடம், வேறு கூடத்தில் அதே மரபணுக்கள் நிற்கின்றனவா என்று பார்ப்பார்கள். பெரும்பாலானவை அந்த இரண்டாவது ஊரில் படுத்துவிடும். இரண்டாவது ஊர் இல்லாத செய்தியை நான் படித்துவிட்டு மடித்து வைத்துவிடுவேன்.

மைக்ரோ ஆர்.என்.ஏ. என்கிறார்களே, அது வேறா?

வேறு. அவை மிகச் சிறிய ஆர்.என்.ஏ. துணுக்குகள். புரதம் எதையும் உண்டாக்காமல், மற்ற தூது ஆர்.என்.ஏ.க்களை அடக்கி ஆள்பவை. இவற்றைக் கண்டறிந்ததற்காக விக்டர் ஆம்ப்ரோஸும் கேரி ருவ்கனும் 2024இல் மருத்துவ நோபல் பரிசு பெற்றார்கள். அணுவுக்கு வெளியே, ரத்தத்தின் நீர்ப்பகுதியிலும் சிதையாமல் மிதப்பதால், நோயைக் காட்டும் குறிப்பான்களாகப் பயன்படும் என்று நம்பிக்கை.

கூடத்தில் நிற்பவளுக்குத் தெரியும் சங்கடம் ஒன்று: சிவப்பு அணுக்களுக்குள்ளும் மைக்ரோ ஆர்.என்.ஏ. நிறைய இருக்கிறது. நரம்பு கிடைக்காமல் ஊசியைத் துழாவி, சிரிஞ்சை வேகமாக இழுத்தால் சிவப்பு அணு உடையும், மேலே நிற்கும் நீர் மஞ்சளாக இல்லாமல் ரோஜாப் பூ நிறத்தில் வரும். அப்போது அளப்பது இதயத்தை அல்ல, ஊசி குத்தியவரின் கைப்பக்குவத்தை.

சாதாரண ரத்த எண்ணிக்கையில் இதெல்லாம் கொஞ்சமாவது தெரியாதா?

என் மனத்துக்கு மிகப் பிடித்த கேள்வி. அந்த 23 மரபணுச் சூத்திரத்தைப் பிரித்துப் பார்த்தால், அதன் உறுப்புகளில் பல, நியூட்ரோஃபில் பக்கம் எவ்வளவு, லிம்போசைட் பக்கம் எவ்வளவு என்ற தராசைத்தான் காட்டுகின்றன. அந்தத் தராசின் முரட்டு வடிவம் நீங்கள் மாதாமாதம் எடுக்கும் சாதாரண ரத்த எண்ணிக்கைத் தாளிலேயே இருக்கிறது. நியூட்ரோஃபில் சதவீதத்தை லிம்போசைட் சதவீதத்தால் வகுத்தால் வரும் விகிதம் உயர்ந்திருப்பவர்களுக்கு இதய நோய் கூடுதலாகக் காணப்படுகிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் சளி பிடித்தாலும் அது உயரும். எனவே யாரும் அதை வகுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் ஓடி வரவேண்டாம்.

ட்ரோபோனின் பரிசோதனையும் இதுவும் ஒன்றா?

இல்லை. ட்ரோபோனின் இதயத் தசைக்குள் இருக்கும் புரதம். தசை சேதமானால் சில மணி நேரத்தில் ரத்தத்தில் கசியும், பல நாள் நிற்கும். மாரடைப்பு நடந்துகொண்டிருக்கிறதா என்பதற்கு அது. தமனியில் அடைப்பு இருந்து, தசை இன்னும் சேதமாகாவிட்டால் ட்ரோபோனின் இயல்பாகவே இருக்கலாம்.

எங்கள் அப்பாவுக்கு நாற்பத்தைந்து வயதில் மாரடைப்பு. எனக்கு எந்த மரபணுப் பரிசோதனை நல்லது?

முதலில் ஒரு எண். இன்டர்ஹார்ட் என்ற பெரிய ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த இடைநிலை வயது (பாதிப் பேருக்கு அதற்குள் வந்துவிட்டது என்று பொருள்) 53. மற்ற நாட்டவர்களுக்கு 59. நம்மவர்களுக்கு ஆறு வருடம் முந்துகிறது. அதே ஆய்வில் 52 நாடுகளில், புகைபிடித்தல், கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை, மன அழுத்தம், காய்கனி, மது, உடல் உழைப்பு ஆகிய ஒன்பது காரணிகளே ஆண்களின் மாரடைப்பு ஆபத்தில் 90 சதவீதத்துக்கும் பெண்களின் ஆபத்தில் 94 சதவீதத்துக்கும் கணக்குச் சொல்லிவிட்டன.

பரம்பரை இல்லையென்று பொருளல்ல. ஒன்பதாம் குரோமோசோமில் 9பி21 என்ற இடம் இதய அடைப்போடு தொடர்புடையது என்று 2007இலேயே தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு நூற்றுக்கணக்கான இடங்களைக் கண்டுபிடித்து, எல்லாவற்றையும் கூட்டி மதிப்பெண் போடுகிறார்கள். ஆனால் உங்கள் நிலையில் நான் கேட்பது ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை: லிப்போபுரோட்டீன் (ஏ). அது மரபணுவால் தீர்மானிக்கப்படும் ஒரு வகைக் கொழுப்புத் துகள். உணவாலும் நடையாலும் பெரிதாக மாறாது என்பதால் வாழ்நாளில் ஒரு தடவை பார்த்தால் பெரும்பாலும் போதும். மிக உயர்ந்திருந்தால் மருத்துவர் மற்றக் கொழுப்பை இன்னும் கடுமையாகக் குறைக்கச் சொல்வார். அப்பாவுக்கு மாரடைப்பு வந்த வயதை மருத்துவரிடம் சொல்ல மறக்க வேண்டாம். அதைவிட மலிவான மரபணுத் தகவல் கிடையாது.

வெற்றிலை, சீவல், புகையிலை போடுவது ரத்தத்தில் தெரியுமா?

புகைபிடிப்பது அப்பட்டமாகத் தெரியும். ஜி.பி.ஆர்.15 என்ற மரபணு புகைபிடிப்பவர்களின் ரத்தத்தில் கூடுதலாக வெளிப்படுகிறது. ஏ.எச்.ஆர்.ஆர். என்ற மரபணுவின் மீது ஒட்டும் ஒரு ரசாயன அடையாளம் புகைப்பவர்களிடம் குறைந்துபோகிறது. அதை வைத்து, "எப்போதோ விட்டுவிட்டேன்" என்று சொல்பவரைக்கூடக் கண்டுபிடித்துவிடலாம். வெற்றிலையோடு போடும் புகையிலை என்றால் எனக்கு ஆய்வகமே வேண்டாம். சட்டைப் பையில் இருக்கும் பொட்டலமும் பல்லும் சொல்லிவிடும். தஞ்சாவூர்ச் சீவலை விட முடியாதவர்கள் புகையிலையையாவது விடலாம். சீவலும் வாய்க்கு நல்லதல்ல என்பது வேறு கதை.

மதிப்பெண் குறைவாக இருந்தால் மாரடைப்பே வராது என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. அந்த மதிப்பெண் சொல்வது பாதிக்கு மேல் சுருங்கிய தமனி இருக்கிறதா என்பதை. மாரடைப்பு எப்போதும் அப்படிச் சுருங்கிய இடத்தில்தான் வரும் என்பதில்லை. முப்பது நாற்பது சதவீதம் மட்டுமே அடைத்த ஒரு கொழுப்புத் திட்டின் மூடி கிழிந்து, அதன்மேல் ரத்தம் உறைந்து, சில நிமிடத்தில் முழுவதும் அடைபடலாம். ஆற்றங்கரை உடைவது எப்போதும் நீர் தளும்பும் இடத்தில்தானா? கரைக்குள் எலிவளை இருக்கும் இடத்தில் அல்லவா?

நெஞ்சு வலிக்கும்போது உங்கள் கூடத்துக்கு வந்து ரத்தம் கொடுக்கலாமா?

வரவேண்டாம். நடுநெஞ்சில் அழுத்தம், இடது தோளுக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, சர்க்கரைக்காரர்களுக்கு வலியே இல்லாமல் திடீர் மூச்சுத்திணறல், இவற்றில் எது வந்தாலும் 108. அல்லது பக்கத்தில் எந்த ஆரம்ப சுகாதார நிலையமோ அங்கே. முதலில் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும், வேறு எதுவும் அதற்கு முன்னால் வராது.

2023இல் தமிழக அரசு தொடங்கிய "இதயம் காப்போம்" திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே, மாரடைப்பு என்று சந்தேகப்பட்டால் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டார்வாஸ்டாட்டின் மாத்திரைகளைச் சேர்த்து 14 மாத்திரை ஒரே வேளையாகக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். வேதாரண்யம் பக்கத்திலிருந்தோ முத்துப்பேட்டை பக்கத்திலிருந்தோ தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்கு வருவதற்குள் ஆகும் நேரத்தை நினைத்தால் அந்தப் பதினான்கு மாத்திரையின் மதிப்பு விளங்கும். வாயுவாக இருக்கும் என்று ஓமத் தண்ணீர் குடித்துவிட்டு விடியும்வரை காத்திருந்த ஒருவரின் ட்ரோபோனினை நான் அளந்திருக்கிறேன். இயந்திரம் எண் காட்டவில்லை, "அளவுக்கு மேல்" என்று காட்டியது.

வலி இல்லை, ஆனால் சந்தேகம் இருக்கிறது. அப்படியானால் எதைச் செய்வது?

ரத்த அழுத்தம், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, கொழுப்புப் பட்டியல், சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின். இவற்றைப் பார்த்துவிட்டு மருத்துவர் தேவைப்பட்டால் ட்ரெட்மில்லோ எக்கோவோ சி.டி. ஆஞ்சியோகிராமோ சொல்வார். சி.டி. ஆஞ்சியோகிராம் தமனியையே படமெடுக்கிறது. நாலு தெரு தள்ளி நின்று மேளம் கேட்க வேண்டியதில்லை, ஊர்வலத்தையே பார்த்துவிடலாம். ரத்த மரபணுப் பரிசோதனை பின்தங்கியதற்கு இந்தப் படங்கள் தெளிவானதும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

அப்படியானால் இந்தத் துறையே தோல்விதானா?

அப்படிச் சொல்ல மாட்டேன். இதயத்திலேயே இது வென்ற இடம் ஒன்று உண்டு. இதய மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் உடல், புதிய இதயத்தை எதிர்க்கிறதா என்று பார்க்க, முன்பு அடிக்கடி கழுத்து நரம்பு வழியாகக் கம்பி விட்டு இதயத்திலிருந்து சிறு சதைத் துண்டு எடுப்பார்கள். அல்லோமேப் என்ற ரத்த மரபணு வெளிப்பாட்டுப் பரிசோதனை அந்தத் துண்டெடுப்பைப் பலருக்குக் குறைத்திருக்கிறது. 2008இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அதற்கு அனுமதி கொடுத்தது.

அது ஏன் வென்றது என்றால், அங்கே கேள்வியே வெள்ளை அணுக்களைப் பற்றியது. இதயத்தை எதிர்ப்பது அவைதான். எனவே அவற்றையே நேராக விசாரிக்கிறார்கள். அடைப்பு விஷயத்தில் வெள்ளை அணு சாட்சி மட்டும்தான், அதுவும் காதால் கேட்ட சாட்சி.

பாபநாசத்துக்காரர் என்ன ஆனார்?

அறிக்கையை மஞ்சள் பைக்குள்ளேயே திருப்பி வைத்துவிட்டு, சர்க்கரைத் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பார்க்கப் போனார். அடுத்த மாதம் 158. அதற்கடுத்த மாதம் நடவு வேலை என்று வரவில்லை. மகன் தொலைபேசியில் என்னிடம் கோபித்துக்கொண்டார், அவ்வளவு பணம் கொடுத்த பரிசோதனையை நான் மட்டம் தட்டிவிட்டேனாம்.

பயிற்சிக்கு வந்திருக்கிறேன் அக்கா. ஆர்.என்.ஏ. குழாயில் ரத்தம் எடுத்தவுடன் எத்தனை முறை கவிழ்க்க வேண்டும்?

எட்டு முதல் பத்து முறை, மெதுவாக. குலுக்காதே தங்கச்சி. மற்றக் குழாய்களோடு சேர்த்து எடுத்தால் இதைக் கடைசியாக எடு. எடுத்த நேரத்தைக் குழாயிலேயே எழுது, நோட்டில் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று வைத்துவிடாதே.